காரின் வயிற்றில் ஒரு பொட்டு

கார் ஓடும்போது அதன் அடியில் காற்று என்ன செய்கிறது என்று கவலைப்படுகிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். செங்கல்பட்டு வட்டாரத்தில் இரண்டு பேர் இருந்தோம். இப்போது ஒருவன்.

காருக்கு மேலே போகிற காற்றை எல்லோருக்கும் தெரியும். ஜன்னலைத் திறந்தால் மூஞ்சியில் அடிக்கும். அடியில் போகிற காற்றை யாரும் கண்டுகொள்வதில்லை. தரைக்கும் காரின் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண்கூடத் தேறாத இடுக்கில் அது முட்டி மோதி ஓடுகிறது. இடுக்கில் வேகமாக ஓடுகிற காற்றுக்கு அழுத்தம் குறையும். அடியில் அழுத்தம் குறைந்தால் கார் தரையை நோக்கி இழுபடும். பந்தயக் கார்கள் திருப்பத்தில் தூக்கியடிக்கப்படாமல் ரோட்டைக் கவ்விக்கொண்டு போவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கருங்குழி பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிற காருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒன்றுக்கும் உதவாத விஷயம் என்று தெரிந்துதான் எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனதோ என்னவோ.

செங்கல்பட்டுக்கும் திருப்போரூருக்கும் இடையில், இரண்டு பக்கமும் பிளாட் விற்பனைக் கொடிகள் பறக்கிற ரோட்டில், ஒரு பொறியியல் கல்லூரியில் நான் மெக்கானிக்கல் வாத்தியார். பெயருக்கு முன்னால் டாக்டர் உண்டு. உறவுக்காரர்கள் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு, நான் விழிப்பதைப் பார்த்து, பாவம் என்று விட்டுவிடுவார்கள். நான் சொன்ன அந்த இன்னொருவனும் அங்கேதான் வேலை பார்த்தான். என்னைவிடச் சில வயது சின்னவன். செங்கல்பட்டு பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். அண்ணன் தம்பி எல்லோரும் துணி அளக்க, இவன் மட்டும் காற்றை அளக்க வந்துவிட்டான். "துணின்னா கையில புடிக்கலாம். நீ இன்னாடா, இல்லாதத்த அளந்துகினு கீற" என்று அவன் வாப்பா கேட்பாராம். வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கும் பதிந்திருந்தான். எனக்கும் அவனுக்கும் எந்த உறவும் கிடையாது. சேர்ந்த முதல் வாரமே மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். நான் தடுக்கவில்லை.

அவனுடைய கட்சி ஒன்றுதான். காரின் அடிப்பாகம் தட்டையாக வந்து, பின்பக்கம் மெதுவாக மேலே ஏறும் அல்லவா, அந்த ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில்தான் காற்று அதிகமாக உறிஞ்சும். காரைத் தரைக்குக் கிட்டே இறக்க இறக்க அந்த உறிஞ்சல் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்குக் கீழே இறக்கினால் செத்துவிடும் என்று எங்கள் துறைப் பெரியவர்கள் சொன்னார்கள். அந்தக் கட்டம் நீங்கள் நினைப்பதைவிட இன்னும் கீழே இருக்கிறது என்று இவன் சொன்னான். வாழ்க்கையில் அவனுக்கு இது ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. நான் சொன்னது சரியா, தப்பா?

முதலில் நிஜ ரோட்டில் பார்த்துவிடலாம் என்று அவனுடைய பழைய காரின் வயிற்றில் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டி, கீழே ஒரு கேமராவைக் கட்டி, கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் வரைக்கும் போனோம். நூல்கள் எந்தப் பக்கம் படிகின்றன என்று பார்த்தால் காற்றின் போக்கு தெரியும். எங்கள் நாட்டில் தரையை ஒட்டி ஓடுகிற வண்டியை ஆராய்கிறவன் முதலில் வேகத்தடையை ஆராய வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு ஊரின் எல்லையிலும் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் ஒன்று. கடப்பாக்கத்தில் இறங்கிக் குனிந்து பார்த்தால் நூலும் இல்லை, கேமராவும் இல்லை. அவன் மாமனார் வீடு அங்கேதான். வந்தது வந்தாயிற்று என்று வஞ்சிரம் வறுத்துப் போட்டார்கள். அறிவியலுக்காக அவ்வளவு நன்றாக நான் சாப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அப்புறம்தான் லேபில் இருந்த காற்றுச் சுரங்கத்துக்கு, எங்கள் பேச்சில் டன்னலுக்கு, வந்தோம். பெரிய பெட்டி, ஒரு முனையில் ராட்சச ஃபேன். நடுவில் முழங்கை நீளத்துக்கு ஒரு பொம்மைக் காரை நிறுத்திக் காற்றை ஓடவிட வேண்டும். இதிலும் ஒரு கோளாறு இருந்தது. அதை அவன் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன்.

"நெசத்துல கார் ஓடுது, ரோடும் காத்தும் சும்மா கீது. இங்க கார் சும்மா கீது, காத்து ஓடுது. அப்ப ரோடும் காத்தோட சேந்து ஓடணுமா இல்லியா? ரோட்ட மட்டும் நிக்க வெச்சா, தரைய ஒட்டுன காத்து சோம்பேறி ஆயிடும். இடுக்குல பாதிய அந்தச் சோம்பேறியே அடச்சிகினு நிக்கும். அத்த அளந்து இன்னா ஆவப்போவுது?"

ஆகவே ஓடுகிற தரை வேண்டும். வெளிநாட்டில் வாங்கினால் எங்கள் கல்லூரியையே விற்க வேண்டும். அந்தச் சமயத்தில் என் வீட்டில் ஒரு டிரெட்மில் இருந்தது. டாக்டர், அதாவது ஊசி போடத் தெரிந்த டாக்டர், சொன்னதற்காக வாங்கியது. அதில் என் வேட்டிகள் உலர்ந்துகொண்டிருந்தன. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி கொடுக்க வந்தவன், வேட்டிகளை ஒதுக்கிவிட்டு அதன் பெல்ட்டைத் தடவிப் பார்த்தான்.

"மச்சான், நீ இத்துல ஓடுவியா?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"உனக்கு எதுக்குடா சத்தியம்? என் தொப்பையைப் பார்."

மறுவாரம் டிரெட்மில் லேபுக்கு வந்துவிட்டது. வேறு மோட்டார் மாட்டி, பெல்ட்டைக் காற்றின் வேகத்துக்கு ஓட வைத்தான். ரொம்ப நேரம் ஓடினால் பெல்ட் சூடேறி ரப்பர் வாசனை வரும், உடனே நிறுத்திவிட வேண்டும். இருந்தாலும் ஓடியது. நான் ஓட வேண்டிய ஓட்டத்தை எனக்காக ஒரு கார் ஓடியது. என் சர்க்கரை குறையவில்லை. அவனுக்கு என்னைவிட அதிகம் சர்க்கரை. அதைப் பற்றி நாங்கள் ஜோக்கடிப்பதோடு சரி.

காரின் வயிற்றில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் போட்டான். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் மெல்லிய ரப்பர் குழாய் வெளியே வந்து, சுவரில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் முடியும். கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தண்ணீர். எந்த ஓட்டையில் காற்று உறிஞ்சுகிறதோ, அதன் குழாயில் தண்ணீர் மேலே ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு உறிஞ்சல். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

கார் தயாரான சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் பூஜை என்றால் லேசுப்பட்டதில்லை. லேத், டிரில்லிங் மிஷின், கரண்ட் போர்டு, பிரின்ஸ்பாலின் கார், எல்லாவற்றையும் கழுவித் துடைத்து சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்து, அன்றைக்கு எந்த மிஷினையும் ஓட்டாமல் விட்டுவிடுவார்கள். அவனுக்கு அந்த நாள் ரொம்பப் பிடிக்கும். "மிஷினுக்கு லீவு வுடற பண்டிகை வேற எங்கனா கீதா மச்சான்?" என்பான். பொரிப் பொட்டலம் இரண்டு வாங்கிக்கொள்வான். அவன் வீட்டில் சின்னவளுக்குப் பொரியில் இருக்கிற நாட்டுச் சர்க்கரை உயிர்.

பூஜைத் தட்டு எங்கள் லேபுக்கு வந்தபோது, குழாய் மாட்டுவதற்காகக் காரைக் கவிழ்த்துப் போட்டிருந்தோம். வயிற்றைக் காட்டிக்கொண்டு மேஜையில் மல்லாந்து கிடந்தது. தட்டுக்காரர் டன்னலுக்கு வைத்தார், மோட்டாருக்கு வைத்தார், என் மேஜை நாற்காலிக்குக்கூட வைத்தார்.

"அண்ணாத்த, எல்லாத்துக்கும் வெக்கறீங்க, எங்காரு மட்டும் மொட்டையா கெடக்கணுமா?" என்று அவன் தட்டை வாங்கிக்கொண்டான்.

"நெத்தியில வைடா" என்றேன்.

"மல்லாக்கக் கெடக்குது, நெத்திய எங்க தேடறது?" என்று வயிற்றிலேயே, நடுவாக, ஏற்றம் ஆரம்பிக்கிற இடமாகப் பார்த்து, விரலால் சந்தனம் இழுத்து, மேலே ஒரு குங்குமப் பொட்டும் வைத்தான். மறுநாள் அவனே ஈரத் துணி எடுத்து அழுந்தத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினான்.

அப்புறம் சோதனை ஆரம்பித்தது. சுவரில் தண்ணீர் ஏறியது. ஆனால் நடுவில் மூன்று குழாய்கள் மட்டும், வகுப்பு போட்டோவில் குள்ளப் பையன்களை நடுவே நிறுத்தின மாதிரி, தாழ்ந்தே நின்றன. எந்த இடத்தில் உறிஞ்சல் உச்சம் என்று அவன் சொன்னானோ, சரியாக அந்த இடம். காரை இறக்க இறக்க மற்றவை ஏறின. இந்த மூன்றும் சோம்பல் முறித்துக் கொஞ்சம் அசைவதற்குள் பெல்ட் சூடாகி நிறுத்தியாக வேண்டும்.

அவன் விடவில்லை. குழாய்களை மாற்றினான். எங்காவது காற்று கசிகிறதா என்று சோதித்தான். கசியவே இல்லை. அடைத்துப்போன ஓட்டை கசிவுச் சோதனையில் முதல் வகுப்பில் பாஸாகும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

"இங்க பாரு மச்சான்" என்று ஒரு நாள் என்னைக் குனிய வைத்தான். கார் ரொம்பத் தாழ்ந்திருக்கும்போது கீழே ஓடுகிற பெல்ட்டே லேசாக மேலே எழும்பியது. "காத்து பெல்ட்டயே தூக்குது. இவ்ளோ இழுப்பு கீது. கொழாத் தண்ணி மட்டும் இல்ல இல்லன்னுது. நா எத்த நம்பறது?"

அவன் டாக்டர் பட்டத்துக்காக வெளியிலிருந்து மதிப்பிட வந்த பெரியவர்களிடமும் பெல்ட்டைக் காட்டினான். "பெல்ட் தளர்ந்திருக்கிறது, இறுக்கிக் கட்டுங்கள்" என்றார்கள். அளவுகள் உங்கள் கட்சிக்கு எதிராக இருக்கின்றன, வேறு ஏதாவது செய்து கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். டீயும் சமோசாவும் வைத்திருந்தோம், சாப்பிட்டார்கள். அவர்கள் போன பிறகு அவன் மீந்த சமோசாவைத் தட்டோடு எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றையும் தின்னாமல், சுவரில் தாழ்ந்து நின்ற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாந்தான் தப்பு போல" என்றான். ஜோக் ஒன்று சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல வேளையாக வரவில்லை.

அதன் பிறகு அவன் டன்னல் பக்கம் அதிகம் வரவில்லை. வகுப்பு எடுப்பான், போவான். கால் வீங்கியது. சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். வேலையை விட்டான். செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிற மிஷினில் படுக்க ஆரம்பித்தான். முதல் தடவை பார்க்கப் போனபோது அவனே ஆரம்பித்தான். "நம்ம டன்னல் மாதிரியேதான் மச்சான். நா சும்மா படுத்துகினு கீறேன், ரத்தம் ஓடுது."

பிறகு எங்கள் கல்லூரிக்குச் செயற்கை நுண்ணறிவு வந்தது. எல்லாக் கல்லூரிக்கும் வருவது போலத்தான். நுண்ணறிவுக்கு ஏ.சி. அறை வேண்டும், ஆகவே காற்றைக் காலி பண்ணுங்கள் என்று உத்தரவு. டன்னலைக் கேன்டீனுக்குப் பின்னால் உள்ள ஷெட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். நான் காரை எடுத்துத் துணியில் சுற்றப்போனேன். வெள்ளெழுத்துக் கண்ணாடி அன்றைக்கு மூக்கில் இருந்தது. வயிற்றில் ஒரு ஓட்டைக்குள் கடுகில் பாதி அளவுக்குச் சிவப்பாக எதுவோ தெரிந்தது. துரு என்று நினைத்தேன். பிளாஸ்டிக் கார் துருப்பிடிக்காது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேன்டீனிலிருந்து வெந்நீர் வாங்கி வந்து, அந்த இடத்தை ஊற வைத்து, மெல்லிய கம்பியால் நோண்டினேன். மஞ்சளாகக் கரைந்து வந்தது. சந்தன வில்லையின் மணம்.

பக்கத்தில் இருந்த இரண்டு ஓட்டைகளிலும் அதேதான்; அவற்றையும் நோண்டி எடுத்தேன்.

டன்னலைத் தூக்க ஆள் வருவதற்குள் ஃபேனையும் பெல்ட்டையும் ஓட்டினேன். மூன்று குள்ளப் பையன்களும் மற்ற எல்லோரையும் தாண்டி எழும்பி நின்றார்கள். காரை இறக்கினேன், இன்னும் ஏறினார்கள். பெரியவர்கள் செத்துவிடும் என்ற உயரத்துக்கும் கீழே இறக்கினேன். ஏறினார்கள். ரப்பர் வாசனை வந்த பிறகும் நிறுத்த மனசில்லை.

இதை அவனிடம் சொல்ல வேண்டும். சொன்னது சரி என்று தெரிந்துகொள்ளாமல் அவன் போய்விடக் கூடாது. ஆனால் சரி என்று சொன்னால், அப்புறம் ஏன் அளவு தப்பாக வந்தது என்று கேட்பான். கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. கேட்டால், நீ வைத்த பொட்டு, நீ துடைத்த துணி என்று சொல்ல வேண்டும். பாதியைச் சொல்லி மீதியை முழுங்குகிற வித்தை வாத்தியார்களுக்குப் பழக்கம்தான். அதை அவனிடம் காட்டுவதா என்று நாலைந்து நாள் ஆஸ்பத்திரி வாசல் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

கடைசியில் அவனே வழி பண்ணினான். மிஷினிலிருந்து இறங்கின ஒரு மத்தியானம், "மச்சான், வூட்டுக்கு வாணாம். கடல் பக்கம் வுடு, கொஞ்சம் காத்து வாங்கலாம்" என்றான். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பக்கம் ஓட்டினேன். ஊசி குத்தின கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்திருந்தான். கல் உளிச் சத்தங்களைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் திரும்பிய பிறகு சொன்னேன்.

"டன்னலை ஓட்டினேன். நீ சொன்னதுதான்டா சரி."

அவன் திரும்பவில்லை. "எவ்ளோ ஏறுச்சி?"

"எல்லாத்துக்கும் மேல."

"இன்னும் எறக்குனியா?"

"இறக்கினேன். ஏறிச்சு."

வெளியே சவுக்குத் தோப்பு ஓடியது. கொஞ்ச தூரம் போன பிறகு, எதிர்பார்த்தபடியே கேட்டான்.

"அப்ப மின்ன இன்னா ஆச்சி?"

"ஓட்டை அடைச்சிருந்தது."

"இன்னாத்தால?"

நான் ரோட்டைப் பார்த்தேன். தூசி என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் ஒரு வேகத்தடை வந்தது. எவ்வளவு மெதுவாக ஏற்றியும் காரின் வயிறு உரசிற்று. அந்தச் சத்தத்தில் அவனுக்கு என்ன ஞாபகம் வந்ததோ தெரியவில்லை.

"மூணு ஓட்டையா? நடுவுலயா?"

"ஆமாம்."

"சந்தனமா மச்சான்?"

நான் வண்டியை ஓரம் கட்டினேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்தால் மூச்சு வாங்கும், நிறுத்துவான், மறுபடி சிரிப்பான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்த கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ நெத்தியில வைன்னு சொன்னே" என்றான்.

"மல்லாக்கக் கிடந்ததுடா."

"வூட்ல சொல்லாத. என் மச்சினனுங்க காதுல வுழுந்தா ஒரு கத கட்டுவானுங்க. உங்காளுங்க காதுல வுழுந்தா வேற கத கட்டுவாங்க. ரெண்டும் வாணாம்." கொஞ்சம் யோசித்தான். "ஆனா பேப்பர் எழுதறப்ப எழுதிடு. எதால அடச்சிதுன்னு தெளிவா எழுது. இல்லாட்டி அடுத்தவன் வந்து முழிப்பான்."

"ஊருக்குச் சொல்லக் கூடாது, பேப்பர்ல மட்டும் எழுதணுமா?"

"பேப்பர எவன் படிக்கறான்?"

அந்த நம்பிக்கையில்தான் இதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றோம். அவனுக்குத் தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். இளநீர்க் கடையைத் தாண்டும்போது மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவன் அந்த வெயில் காலத்தைத் தாண்டவில்லை. கட்டுரையின் முதல் வரைவை நான் முடித்திருக்கவில்லை. முடித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவனுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். தெரிந்ததில் இரண்டு பாதி இருந்தது. எந்தப் பாதியோடு அவன் போனான் என்று எனக்குத் தெரியாது.

சில வாரம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி தேநீர் கொடுத்துவிட்டு, எதிரில் நின்றபடி கேட்டாள்.

"அண்ணே, அவரு சொன்னது சரிதானா? உண்மையச் சொல்லுங்க."

"சரிதாம்மா. நூத்துக்கு நூறு."

"அப்ப ஏன் அப்பிடி ஆச்சி?"

"மிஷின்ல ஒரு அடைப்பு இருந்ததும்மா. யாரும் கவனிக்கல."

அவள் என்னையே பார்த்தாள். "சந்தனம்தானேண்ணே? நீங்க கடல் பக்கம் கூட்டிகினு போன அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு. உன் அண்ணனுங்ககிட்ட சொல்லாதன்னாரு. அப்புறம் ராவெல்லாம் பேசவேயில்ல." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"இந்த வருசமும் அந்தக் காருக்கு வெப்பாங்களா?"

"தெரியலம்மா. ஷெட்டுல கிடக்குது."

"வெக்கச் சொல்லுங்க. ஓட்டைய மூடிகினு வெக்கச் சொல்லுங்க."

இந்த ஆயுத பூஜைக்கு ஷெட்டுக்குத் தட்டு வரவில்லை. நான் போய் வாங்கி வந்தேன். காரை மல்லாத்தி, ஓட்டைகள் மேல் செல்லோ டேப்பை நீளமாக ஒட்டி, அவன் இழுத்த அதே இடத்தில் சந்தனம் இழுத்துக் குங்குமம் வைத்தேன். எனக்கு வட்டமாக வரவில்லை. பொரிப் பொட்டலம் இரண்டு வாங்கிச் செங்கல்பட்டில் அவன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் டேப்பை உரித்தேன். பொட்டோடு அப்படியே வந்துவிட்டது. ஓட்டைகள் சுத்தமாக இருந்தன. உரித்த டேப்பை எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

துவைக்கப் போட்ட சட்டையை எடுத்து வந்து மனைவி கேட்டாள். "இது என்ன கறை?"

"கார் அழுக்கு" என்றேன்.

அவள் அதை முகர்ந்து பார்த்தாள். அந்தச் சட்டையை மட்டும் தனியாக ஊறப்போட்டாள்.